தம்பிக்கு ஒரு விளையாட்டுக் கருவி

எங்கள் வீட்டு நாட்காட்டியில் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை சிவப்புப் பேனையால் ஒரு வட்டம் இருக்கும். அது தம்பிக்கு இரத்தம் ஏற்றும் நாள். அவனுக்கு இப்போது 9 வயது. தலசீமியா என்ற பெயரை அவன் நடக்கப் பழகுவதற்கு முன்பே எங்கள் வீடு பழகிவிட்டது. அவனுடைய உடல் போதுமான அளவு நல்ல செங்குருதிக் கலங்களை உண்டாக்காது. அதனால் முகம் தெரியாத யாரோ தானம் செய்த இரத்தம் அவனுடைய நாளங்களில் ஓடுகிறது.

வட்டமிட்ட நாளில் உம்மாவும் அவனும் சுபஹுத் தொழுதுவிட்டு முதல் பஸ்ஸில் குருநாகல் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். கையில் கெனுலா ஊசி ஏற்றி, இரத்தப் பையைத் தொங்கவிட்டால், ஒரு பை முடியவே மூன்று நான்கு மணித்தியாலம் செல்லும். பரிசோதனை, காத்திருப்பு எல்லாம் சேர்ந்தால் முழு நாளும் கட்டிலில்தான். வீட்டில் ஒரு நிமிடம் சும்மா இருக்காத பிள்ளை, அங்கே கையை நீட்டியபடி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான்.

2025 மார்ச்சில் எனக்குச் சாதாரண தரப் பரீட்சை முடிந்தது. மாத இறுதியில் நோன்புப் பெருநாளும் வந்து போனது. பெறுபேறு வரும்வரை வீட்டில்தானே இருக்கிறேன் என்று உம்மாவோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கினேன். அதுவரை எனக்கு அது உம்மா சொல்லக் கேட்ட நாள். அன்றுதான் அந்த நாள் எவ்வளவு நீளமானது என்று கண்டேன்.

"தாத்தா, இப்ப எத்தின சொட்டு?"

ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்பான். நான் எண்ணிச் சொல்வேன். கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் அலுத்துவிடும். உம்மாவின் தொலைபேசியைக் கொடுத்தால் அரை நாளில் பட்டரி தீர்ந்துவிடும். கத்தாரிலிருந்து வாப்பா அழைக்கும் நேரம் தொலைபேசி செத்துக் கிடக்கும். அது உயிரோடு இருந்தாலும் நிம்மதி இல்லை. ஒரு வீடியோ முடிந்தால் இன்னொன்று தானாக வரும். விளையாடும்போது இடையிடையே விளம்பரம் வரும். எதை அமத்தினான், எங்கே போனான் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏப்ரலில் ஒரு வட்ட நாள் காலையில் தம்பியைக் காணவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது. வீடு முழுவதும் தேடி, கடைசியில் உம்மும்மாவின் கட்டிலுக்கு அடியில் கண்டுபிடித்தோம். "நான் வரல்ல. எனக்கு ரத்தம் வேணாம்" என்று அழுதான். ஊசிக்குப் பயமா என்று கேட்டேன். "ஊசி சுருக்கா முடிஞ்சிடும். பொறகு இருக்கிறதுதான் ஏலா" என்றான்.

அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை. வலியை அவன் பொறுத்துக்கொண்டான். அவனுக்குப் பொறுக்க முடியாமற்போனது வெறும் நேரம்.

அந்த வாரமே ஒரு கடையில் 400 விளையாட்டுகள் உள்ளது என்று எழுதியிருந்த சிறிய கருவி ஒன்றை 2,800 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன். நான் செய்த முதற்பிழை அது. 400 என்றது கணக்குக்குத்தான். ஒரே விளையாட்டு வேறு பெயரிலும் வேறு நிறத்திலும் பத்துத் தடவை வரும். பின்பக்கத்தைத் திறந்தால் பழைய பொத்தான் தொலைபேசிக்குப் போடும் பட்டரி போன்ற ஒன்று இருந்தது. சத்தத்தைக் குறைத்தாலும் கீச்சென்ற ஒலி நிற்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை அப்போதுதான் உறங்கியிருந்தது. நான் வெட்கப்பட்டு அதை வாங்கிப் பைக்குள் போட்டேன். பின்னேரம் மறுபடி எடுத்தபோது பட்டரி இல்லை. தம்பி என்னைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

என்னிடம் அப்போது 82,000 ரூபாய் இருந்தது. இரண்டு வருடங்களாக அயல் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்தது, பெருநாள் காசு, பரீட்சை முடிந்ததற்கு வாப்பா அனுப்பியது எல்லாம் அதற்குள் அடக்கம். உயர்தரத்துக்குப் பழைய லெப்டொப் ஒன்று வாங்குவதற்கென்று வைத்திருந்த சல்லி அது. அதில் தம்பிக்கு நல்ல கருவி ஒன்று வாங்கப்போகிறேன் என்றதும் வீட்டில் பெரிய பேச்சு எழுந்தது.

"இவ்வளவு சல்லிக்கு வெளாட்டுச் சாமானா? நாளைக்குப் படிக்கிற நேரம் என்ன செய்யப் போற?" என்றார் பெரிம்மா. அவர் கேட்டதில் பிழையில்லை. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவரால் வேண்டும் என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது.

இரவு வாப்பாவிடம் கேட்டேன். வாப்பா தோஹாவில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறார். எதையும் பட்டியல் போடாமல் செய்ய மாட்டார்.

"மகள், முதல்ல எந்தச் சாமான் எண்டு பாக்காதீங்க. அவனுக்கு என்ன தேவை எண்டு எழுதுங்க. கடைக்குப் போனா கடைக்காரன்ட பட்டியல்தான் கண்ணுக்குத் தெரியும். ஒங்கட பட்டியல் கையில ஈக்கோணும்."

அடுத்த வட்ட நாளில் கொப்பி ஒன்றோடு போனேன். சொட்டு எண்ணுவதை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்து எழுதினேன். முதலாவது, ஊசி ஒரு தடவை இடது கையில் ஏறும், இன்னொரு தடவை வலது கையில் ஏறும். ஏதோ ஒரு கை மட்டும்தான் முழுமையாக அவனுக்குச் சொந்தம். ஆகவே பாரமாக எதையும் தூக்கிப் பிடிக்க முடியாது. இரண்டாவது, வார்ட்டில் உள்ள மின் இணைப்புகள் இயந்திரங்களுக்கு உரியவை. சார்ஜர் குத்தக் கேட்பது நியாயமில்லை. மூன்றாவது, இணையம் இல்லாமல் இயங்க வேண்டும். நான்காவது, சத்தம் வெளியே வரக்கூடாது. ஐந்தாவது, மிஸ் வந்து நாடித்துடிப்புப் பார்க்கும்போது அந்த இடத்திலேயே நிறுத்தி, பிறகு அதே இடத்தில் தொடர வேண்டும். ஆறாவது, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் போய் வரும் சாமான் என்பதால் துடைத்துச் சுத்தமாக்க இலகுவாக இருக்க வேண்டும்.

இந்த ஆறு வரிகள்தான் பிறகு எல்லாவற்றையும் தீர்மானித்தன.

இத்தகைய கருவிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மாமாவுக்குக் கொஞ்சம் தெரியும். அவர் சிறுவனாக இருந்தபோது கட்டிகள் விழும் 'பிரிக் கேம்' ஒன்றுக்காக நானாமாரோடு சண்டை பிடித்தவராம். அவர் தொலைபேசியில் தேடித் தேடி ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் கொப்பியில் கோடு போட்டுப் பிரித்து எழுதினேன்.

ஸ்டீம் டெக் என்ற கருவி 2022இல் வந்தது. கணினி விளையாட்டுகளையே கையில் விளையாடலாம். ஆனால் பாரம் 669 கிராம். ஒரு கையால் நினைத்தும் பார்க்க முடியாது. பிளேஸ்டேஷன் போர்ட்டல் பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அது வீட்டில் உள்ள பெரிய பிளேஸ்டேஷன் 5 இலிருந்து வைபை மூலம் விளையாட்டை வரவழைத்துக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. எங்கள் வீட்டில் அந்தப் பெரியதும் இல்லை, வார்ட்டில் வைபையும் இல்லை. இரண்டையும் வெட்டினேன்.

மிஞ்சியது ஜப்பானின் நின்டென்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச். 1889இல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டுச் செய்யத் தொடங்கிய நிறுவனமாம். ஸ்விட்சில் மூன்று வகை இருந்தன. 2017இல் வந்த சாதாரண ஸ்விட்ச், 2019இல் வந்த லைட், 2021இல் வந்த ஓலெட். நான்காவதாக ஸ்விட்ச் 2 அந்த ஜூன் 5ஆம் திகதி வரவிருந்தது. அது என் சல்லிக்கு எட்டாது. ஆனால் புதியது வரப்போகிறது என்பதால் பழையதை விற்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அது எங்களுக்கு நல்லதாகப் போனது.

முதலில் என் மனம் லைட்டில்தான் நின்றது. விலை குறைவு, பாரமும் 275 கிராம்தான். மாமாவும் அதையே சொன்னார். ஆனால் கொப்பியின் முதல் வரியை மறுபடி வாசித்தபோது சந்தேகம் வந்தது. லைட்டில் பொத்தான்கள் உடலோடு ஒட்டியவை. எவ்வளவு பாரம் குறைந்தாலும் அதை இரு கையாலும் பிடித்துத்தான் ஆக வேண்டும். சாதாரண ஸ்விட்ச் இரண்டு கொன்ட்ரோலர்களும் பூட்டிய நிலையில் கிட்டத்தட்ட 400 கிராம். ஆனால் ஜோய்-கொன் எனப்படும் அந்தக் கொன்ட்ரோலர்கள் இரண்டையும் கழற்றி எடுக்கலாம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 கிராம்தான். திரையைக் கட்டில் மேசையில் நிறுத்திவிட்டு, ஊசி ஏறாத கையில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். பாரம் குறைந்த கருவியை விட்டுப் பாரம் கூடிய கருவியை எடுத்தது இப்படித்தான்.

பட்டரி விடயத்தில் ஒரு நுணுக்கம் இருந்தது. 2017இல் வந்த முதல் ஸ்விட்ச், விளையாட்டைப் பொறுத்து இரண்டரை தொடக்கம் ஆறரை மணித்தியாலம் தாங்கும். 2019இல் திருத்தி வெளியிட்டது நாலரை தொடக்கம் ஒன்பது மணித்தியாலம். இரண்டும் வெளியே ஒரே மாதிரி. திருத்தியதன் பெட்டி முழுவதும் சிவப்பு. பெட்டி இல்லாவிட்டால் கருவியின் அடியில் உள்ள தொடரிலக்கத்தைப் பார்க்க வேண்டும். அது எக்ஸ்-கே-டபிள்யூ என்ற எழுத்துகளில் தொடங்கினால் புதிய பட்டரி. இதைக் கொப்பியில் இரண்டு தடவை கோடிட்டு எழுதினேன்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை மாமாவும் நானும் காலை ரயிலில் கொழும்புக்குப் போனோம். பம்பலப்பிட்டியில் இரண்டு மூன்று கடைகள் ஏறி இறங்கினோம். ஒரு கடையில் காட்டிய பழைய ஸ்விட்ச் மினுங்கிக்கொண்டு இருந்தது. விலையும் குறைவு. நான் அடியைப் பார்த்தேன். பழைய பட்டரி. இன்னொரு கடையில், "தங்கச்சி, எல்லாம் ஒரே சாமான்தான்" என்றார்கள். நாங்கள் சிரித்துவிட்டு வந்துவிட்டோம்.

மூன்றாவது கடையில் இருந்த நானா பொறுமையானவர். 58,000 ரூபாய்க்குத் திருத்திய வகை ஒன்றை எடுத்துவைத்து, "ஆறுதலாப் பாருங்க" என்று நாற்காலி தந்தார். பாவித்த கருவி வாங்குபவர்களுக்கு உதவும் என்பதால் நாங்கள் பார்த்தவற்றை எழுதுகிறேன். அமைப்புகளுக்குள் போய் இரு கொன்ட்ரோலரின் குச்சிகளையும் சோதித்தோம். விரலை எடுத்ததும் புள்ளி நடுவுக்கு வந்து அசையாமல் நிற்க வேண்டும். தானாக நகர்ந்தால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். எல்லாப் பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அமத்தினோம். கொன்ட்ரோலர்களைப் பூட்டி ஆட்டிப் பார்த்தோம். விளையாட்டு அட்டை ஒன்றைப் போட்டு வாசிக்கிறதா என்று பார்த்தோம். சார்ஜ் ஏறுகிறதா, ஹெட்செட் துளை வேலை செய்கிறதா என்று பார்த்தோம். கடைசியாக, முன்பு வைத்திருந்தவரின் கணக்கை முற்றாக அழிக்கச் சொல்லி, புதிதாகத் தொடங்கும் திரை வந்த பிறகுதான் சல்லியைக் கொடுத்தோம்.

விளையாட்டைத் தெரிவதில் எனக்கு ஒரு தீர்மானம் இருந்தது. துப்பாக்கி வேண்டாம். இரத்தம் வேண்டவே வேண்டாம். கடை நானா மரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்ற கார் ஓட்டும் விளையாட்டைக் காட்டினார். அதில் கார் தானாக ஓடும்படி வைக்கலாம். பாதையை விட்டு விலகாதபடியும் வைக்கலாம். அப்படி வைத்தால் குச்சியை மட்டும் அசைத்தாற் போதும். ஒரு கை போதும்! பாவித்த அட்டை 9,500 ரூபாய். அட்டையாக வாங்கினால் அலுத்ததும் விற்று வேறு வாங்கலாம், இணையத்தில் இறக்கியதை விற்க முடியாது என்று மாமா சொன்னார். அந்த அட்டை நகத்தளவுதான் இருக்கும். குழந்தைகள் விழுங்கிவிடாதிருக்க அதன்மேல் கடும் கசப்பான பூச்சு ஒன்று பூசியிருக்கிறார்களாம். நம்பாமல் நுனி நாக்கால் தொட்டுப் பார்த்தேன். புறக்கோட்டை வரும்வரை வாய் கசந்தது.

துணைச் சாமான்கள் வாங்கப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு வந்தோம். அங்கே கண்ணைப் பறிப்பதற்கு நிறைய இருந்தன. பூனைப் பாதம் போன்ற குச்சி மூடிகள், மின்னும் பிடிகள், நான்கு கொன்ட்ரோலரை ஒன்றாகச் சார்ஜ் செய்யும் கோபுரம். கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

கடினமான கூடுள்ள பை ஒன்று 2,500 ரூபாய். பஸ் நெரிசலுக்கு அது கட்டாயம். திரைக்கு ஒட்டும் கண்ணாடி 900 ரூபாய். ஸ்விட்சின் திரை பிளாஸ்டிக் ஆனபடியால் கீறல் விழும். கண்ணாடியை ஒட்டினால் துடைப்பதும் இலகு. ரப்பர் உறை ஒன்றைக் கடைக்காரர் இலவசமாகத் தருவதாகச் சொன்னார். அதன் இடுக்குகளில் அழுக்குச் சேரும் என்று நினைத்து வேண்டாம் என்றேன்.

மேசையில் நிறுத்தும் தாங்கி 1,800 ரூபாய். இதை வாங்கியதற்குக் காரணம் உண்டு. ஸ்விட்சின் சார்ஜ் துளை அடிப்பக்கத்தில் இருக்கிறது. அதன் சொந்தக் காலில் நிறுத்தினால் துளை மேசையோடு ஒட்டிவிடும். விளையாடிக்கொண்டே சார்ஜ் போட முடியாது. தாங்கி அதைத் தூக்கிப் பிடிப்பதால் அடியில் வயர் போக இடம் கிடைக்கிறது.

வீட்டில் ஒரு பவர் பேங்க் இருந்தது. 2022 மின்வெட்டுக் காலத்தில் வாப்பா அனுப்பியது. அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன். கடையில் விளக்கினார்கள். பழைய பவர் பேங்கில் வரும் மின் குறைவு. விளையாடும்போது செலவாகும் வேகத்துக்கு அது ஈடு கொடுக்காது. யூஎஸ்பி-சி துளையும் வேகமாகச் சார்ஜ் ஏற்றும் வசதியும் உள்ளது தேவை. ஸ்விட்சின் பட்டரி 4,310 மில்லி அம்பியர் மணி. 10,000 உள்ள பவர் பேங்க் வாங்கினால் அது முழுவதும் கருவிக்குப் போய்ச் சேராது. வழியில் கொஞ்சம் இழக்கும். எப்படியும் ஒரு தடவை முழுதாக ஏற்றி மிச்சமும் இருக்கும். 5,500 ரூபாய்.

ஹெட்செட்டில்தான் அதிகம் யோசித்தேன். இரத்தம் ஏற்ற ஏற்ற உடலில் இரும்பு சேரும். அதைக் குறைக்க இரவில் வயிற்றுத் தோலுக்கடியில் சிறு ஊசி குத்தி, பம்ப் மூலம் பல மணித்தியாலம் தம்பிக்கு மருந்து ஏற்றுகிறோம். அந்த மருந்து சிலருடைய காதையும் கண்ணையும் பாதிக்கலாம் என்பதால் வருடாவருடம் இரண்டையும் சோதிக்கிறார்கள். அப்படிப்பட்ட காதுக்கு நான் சத்தத்தை ஊற்றலாமா? சத்தம் 85 டெசிபலுக்கு மேல் போகாதபடி செய்த, பிள்ளைகளுக்கான வயர் ஹெட்செட் ஒன்றைத் தேடி 3,200 ரூபாய்க்கு வாங்கினேன்.

மொத்தம் 81,400 ரூபாய். மிஞ்சிய 600 ரூபாய்க்கு மாமாவும் நானும் ஆளுக்கொரு பலூடா குடித்தோம். ரயிலில் வரும்போது மாமா உறங்கிவிட்டார். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு, வாங்காத லெப்டொப்பை நினைத்துக்கொண்டு வந்தேன். பெரிய மனதோடு கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மை அதுவல்ல. வெயாங்கொடை தாண்டும்வரை எனக்கு அழுகை வந்தது.

அடுத்த வட்ட நாள் தம்பி தானாக எழும்பினான். வார்ட்டில் மிஸ் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சத்தம் வரக்கூடாது. ஒரு பிள்ளை தொட்டதை இன்னொரு பிள்ளை தொட முன்பு துடைக்க வேண்டும்" என்று இரண்டு நிபந்தனைகள் வைத்தார். அன்று ஊசி வலது கையில். இடது கையில் ஜோய்-கொன்னை வைத்துக்கொண்டு அவன் ஓட்டிய கார் முதல் சுற்றில் கடைசியாக வந்தது. இரண்டாம் சுற்றிலும் கடைசிதான். ஆனால் அன்று அவன் சொட்டு எண்ணச் சொல்லவே இல்லை.

பக்கத்துக் கட்டிலில் நிக்கவெரட்டியப் பக்கத்துச் சிங்களச் சிறுவன் ஒருவன், 11 வயது இருக்கும், கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். தம்பி என்னைப் பார்த்தான். நான் மற்ற ஜோய்-கொன்னைக் கழற்றித் துடைத்து அவனிடம் கொடுத்தேன். மேசையை இரு கட்டிலுக்கும் நடுவே தள்ளினோம். திரை இரண்டாகப் பிரிந்தது. தம்பிக்குச் சிங்களம் கொஞ்சம்தான் தெரியும், அவனுக்குத் தமிழ் ஒன்றும் தெரியாது. "யமு, யமு மல்லி!" என்று அவன் சொன்னதும், தம்பி "அய்யா, அங்க பாருங்க!" என்று கத்தப்போய் வாயைப் பொத்திக்கொண்டதும் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆனால் ஒரு சாமானை நான் மறந்திருந்தேன். ஹெட்செட் ஒன்றுதான். ஆளுக்கு ஒரு காதாக வைக்கப் பார்த்தார்கள், சரிவரவில்லை. கடைசியில் சத்தமே இல்லாமல் விளையாடினார்கள். பகல் சாப்பாட்டு நேரம் அந்தச் சிறுவனின் தகப்பனைக் காணவில்லை. அரை மணித்தியாலத்தில் டவுனிலிருந்து வியர்த்துக்கொண்டு வந்தார். கையில் இன்னொரு ஹெட்செட்டும், ஒரு துளையில் இரண்டைக் குத்தும் சிறிய வயரும் இருந்தன. விலையைக் கேட்டேன். தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு அவர் கட்டிலடிக்குப் போய்விட்டார். எங்கள் பட்டியலில் விலை எழுதப்படாத ஒரே சாமான் அதுதான்.

வீட்டில் எல்லாம் அழகாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். வாங்கிய இரண்டாம் வாரமே பிரச்சினை தொடங்கியது. பாடசாலை விட்டு வந்தால் கருவி. சாப்பிடும்போது கருவி. ஒரு நாள் இரவு பம்ப் ஊசி குத்த வந்த உம்மாவிடம், "இந்த ரேஸ் முடியட்டும்" என்று முக்கால் மணித்தியாலம் இழுத்தடித்தான். உம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் அதை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார். வாங்கியவள் நான். அன்று உம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நேரத்தைக் கட்டுப்படுத்த நின்டென்டோவே ஒரு செயலி வைத்திருக்கிறது. பெற்றோரின் தொலைபேசியில் அதைப் போட்டு, நாளைக்கு எவ்வளவு நேரம் என்று நிர்ணயிக்கலாம். நேரம் முடிந்ததும் விளையாட்டை நிறுத்தும்படியும் செய்யலாம். அதை நான் உம்மாவின் தொலைபேசியில் போட்டேன். ஆனால் உண்மையில் வேலை செய்தது உம்மாவின் சட்டம்தான். "இது ஆஸ்பத்திரிப் பைக்குள்ள ஈக்கிற சாமான். மருந்து மாதிரி. வீட்டுல பம்ப் ஊசி குத்துற நேரம் இருவது நிமிசம், வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம். அவ்வளவுதான்." ஒரு வாரம் அழுதான். பிறகு பழகிக்கொண்டான்.

அவன் விளையாடிய மணித்தியாலங்களில் எனக்கும் உம்மாவுக்கும் கை சும்மா இருந்தது. உம்மா கண்மூடிச் சாய்ந்திருப்பார். நான் சுவரில் ஒட்டியிருந்தவற்றை வாசித்தேன். தாயும் தகப்பனும் இருவரும் தலசீமியாக் காவிகளாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. காவி என்பவர் நோயாளி இல்லை. எல்லோரையும் போல வாழ்வார். சோதித்துப் பார்க்காமல் அவருக்கே தெரியாது. ஒருவர் காவியாகவும் மற்றவர் காவியில்லாதவராகவும் இருந்தால் அவர்களுக்கு இந்தக் கடுமையான நோயுள்ள பிள்ளை பிறக்காது. என் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் இது கலியாணத்துக்கு முன்பு தெரியாது. யாரும் சொல்லவில்லை.

மிஸ்ஸிடம் கேட்டேன். எனக்கும் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். நானும் ஒரு காவி.

இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டியபோது உம்மா இந்த இடத்தில் நிறுத்தினார். "இதயும் எழுதத்தான் வேணுமா மகள்? நாளைக்கு ஒனக்குப் பேசி வாறவங்க வாசிச்சா?" என்று கேட்டார். நான் வெட்டிவிடத்தான் நினைத்தேன். அன்றிரவு வாப்பாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "வாசிக்கட்டும் மகள். வாசிச்சிட்டு வாறவரு ஒரு டெஸ்ட் செஞ்சிட்டு வரட்டும்." உம்மா அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே இந்த வரிகள் இங்கே இருக்கின்றன. இதை வாசிக்கும் சகோதரிகளே, ஒரு சிறிய இரத்தப் பரிசோதனைதான். கலியாணப் பேச்சு வருமுன் செய்துகொள்ளுங்கள். பெற்றோர்களே, சீதனமும் மண்டபமும் பேசும் நேரத்தில் இதையும் பேசுங்கள்.

ஜூலையில் எனக்குப் பெறுபேறு வந்தது. உயர்தர வகுப்பில் சேர்ந்துவிட்டேன். லெப்டொப் இல்லை. ஒப்படைகளைக் கல்லூரிக் கணினி அறையில்தான் செய்கிறேன். வரிசையில் காத்திருக்கும்போது பெரிம்மா கேட்ட கேள்வி சில நாட்களில் ஞாபகம் வருவதுண்டு. அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் வட்ட நாளுக்கு முதல் நாள் இரவு, இப்போது பையை அடுக்குவது தம்பிதான். கிளினிக் கொப்பி, மாற்றுச் சேர்ட், தண்ணீர்ப் போத்தல், கடினக் கூட்டுப் பை, பவர் பேங்க் என்று ஒவ்வொன்றாக வைப்பான். நிக்கவெரட்டிய அய்யாவும் அதே நாளில் வருவதற்கு இரு வீட்டாரும் மிஸ்ஸிடம் சொல்லித் திகதியை ஒன்றாக்கியிருக்கிறோம்.

"தாத்தா, பவர் பேங்குக்குச் சார்ஜ் போட்டா?"

"போட்டேன்."

"அய்யாட ஹெட்செட்?"

"பைக்குள்ள ஈக்குது. படுங்க."

மின்விளக்கை அணைத்துவிட்டு வருவேன். சற்று நேரத்தில் அவன் மறுபடி எழும்பி, பையின் சிப்பைத் திறந்து, இரண்டு ஹெட்செட்டும் இருக்கின்றனவா என்று பார்க்கும் சத்தம் கேட்கும்.